தேடுகிற நேரம் வரிசையில் நிற்பவருடையது

வன்னியில் ஏதாவது ஓர் அலுவலகத்துக்குப் போய் வந்தவர்களைக் கேட்டுப் பாருங்கள். "நல்லாத்தான் கதைச்சவை, ஆனா பைலைக் காணேல்லையாம், அடுத்த கிழமை வரட்டாம்" என்பார்கள். இந்த ஒரு வசனத்தைப் பற்றி எழுத வேண்டும் என்று கனநாளாக நினைத்துக்கொண்டிருந்தேன். ஆளணிப் பற்றாக்குறை பற்றி எழுதுகிறோம், லஞ்சம் பற்றி எழுதுகிறோம், சிங்களத்தில் வரும் கடிதங்கள் பற்றி எழுதுகிறோம். மேசையில் குவிந்து கிடக்கும் கடதாசி பற்றி யாரும் எழுதுவதில்லை. கிளிநொச்சி, முல்லைத்தீவு இரண்டு மாவட்டங்களிலும் எழுதுவினைஞராக வேலை செய்தவள் என்ற முறையில் சொல்கிறேன், சாதாரண சனத்தின் நேரத்தை அதிகம் தின்பது அந்தக் குவியல்தான்.

"அடுத்த கிழமை" என்று சொல்வது எங்களுக்குச் சுலபம். கொக்கிளாயில் இருந்து முல்லைத்தீவு நகரத்துக்கும், முழங்காவிலில் இருந்து பூநகரிக்கும் வந்து போவது லேசான காரியம் இல்லை. காலை பஸ்ஸை விட்டால் அந்த நாள் போச்சு. கூலி வேலைக்குப் போகிறவருக்கு அன்றைய சம்பளமும் போச்சு. தோட்டத்துக்குத் தண்ணீர் மாற, மாட்டை அவிழ்த்துக் கட்ட, பள்ளிக்கூடம் விட்டு வரும் பிள்ளைக்குச் சோறு போட என்று யாரையாவது மன்றாடி விட்டுத்தான் ஒரு பெண் அலுவலகத்துக்கு வருகிறாள். நாங்கள் அரை மணித்தியாலம் தேடிவிட்டு இல்லை என்கிறோம். எங்களுக்குப் போனது அரை மணித்தியாலம், அவளுக்குப் போனது ஒரு முழு நாள். அந்த முழு நாள் எந்தப் பதிவேட்டிலும் வருவதில்லை.

இதற்கு மருந்தாக இப்போது யூரியூப்பில் நிறையப் பேர் சொல்வது "வேண்டாததை எறி" என்பது. ஒரு வருடமாகத் தொடாத பொருளை வீசிவிடு, மனம் லேசாகும் என்கிறார்கள். எனக்கு இதில் உடன்பாடு இல்லை. குறிப்பாக இந்த மண்ணில் அதைச் சொல்ல எனக்கு வாய் வராது. போரால் 1996இல் கிளிநொச்சியை விட்டு ஓடியவர்கள், 2008லும் 2009லும் ஊர் ஊராக இடம்பெயர்ந்து செட்டிகுளம் முகாம்கள் வரைக்கும் போனவர்கள், பிறப்பத்தாட்சிப் பத்திரம் ஒன்று இல்லாததால் பட்ட பாட்டை மறக்க மாட்டார்கள். மீள்குடியேறிய பிறகு ஒவ்வொரு பத்திரத்தையும் புதிதாக எடுக்க நடமாடும் சேவைகளில் வரிசையில் நின்ற சனம் இது. அலுவலகத்தில் இருக்கிற நாங்களும் அந்தச் சனத்தில் இருந்து வந்தவர்கள்தான். "கிடக்கட்டும், ஒரு நாளைக்குத் தேவைப்படும்" என்று ஒருவர் பழைய கடிதத்தை லாச்சிக்குள் வைத்தால் அதில் ஒரு நியாயம் இருக்கிறது.

ஆனால் வைத்திருப்பது வேறு, குவித்து வைத்திருப்பது வேறு. எங்கள் அம்மாமார் கொண்டு வரும் சொப்பிங் பையைக் கவனித்திருக்கிறீர்களா? மேசைக்கு முன்னால் நின்று முடிச்சை அவிழ்ப்பார்கள். உள்ளே இன்னொரு பை. மேலே அடையாள அட்டை, அதற்குக் கீழே குடும்ப அட்டை, பிறகு பிள்ளைகளின் பிறப்பத்தாட்சிப் பத்திரங்கள் மூத்ததில் இருந்து கடைசி வரை ஒழுங்காக. காணிப் பத்திரம் மாத்திரம் தனியாக ஒரு பிளாஸ்டிக் உறைக்குள், மடிப்புக் கிழியாமல் இருக்க உட்பக்கம் மட்டை வைத்து. "இதுதானே பிள்ளை கேட்டனீங்கள்?" என்று எடுத்துத் தர அவர்களுக்கு ஒரு நிமிடம் போகாது. போரின் கடைசி நாட்களில் நந்திக்கடல் வரைக்கும் சுமந்து போய்த் திரும்பிய பை அது. அலுமாரி அலுமாரியாக வைத்துக்கொண்டு மேசைக்கு இந்தப் பக்கம் இருக்கும் எங்களால் ஏன் அது முடியவில்லை என்பதுதான் என் கேள்வி.

சட்டமும் எங்களை எறியச் சொல்லவில்லை. 1973ஆம் ஆண்டின் 48ஆம் இலக்கத் தேசிய சுவடிகள் காப்பகச் சட்டத்தின்படி அரச பதிவேடுகளை நினைத்தபடி அழிக்க முடியாது, காப்பகப் பணிப்பாளரின் அனுமதி வேண்டும். 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவலுக்கான உரிமைச் சட்டம் இன்னும் ஒரு படி மேலே போகிறது. ஆவணங்களைப் பட்டியலிட்டு, சுட்டி போட்டு, கேட்டால் எடுத்துக் கொடுக்கக்கூடிய விதத்தில் வைத்திருக்க வேண்டும் என்று அதன் 7ஆம் பிரிவு சொல்கிறது. புதிதாக உருவாகும் ஆவணத்தைக் குறைந்தது 12 வருடம் பாதுகாக்க வேண்டும். ஒருவர் தகவல் கேட்டு விண்ணப்பித்தால் தருவதா இல்லையா என்ற முடிவை 14 வேலை நாட்களுக்குள் சொல்ல வேண்டும். பைலைத் தேடுவதிலேயே அந்த 14 நாளும் போய்விட்டால் முடிவு எடுப்பது எப்போது? அலுவலகத்தை ஒழுங்காக வைப்பது சுத்தம் பார்க்கிறவரின் தனி விருப்பம் என்று பலர் நினைக்கிறார்கள். அது சட்டம் எங்கள்மேல் போட்ட கடமை.

காணிக் கோவைகளை, அதாவது காணி பைல்களை, எடுத்துக்கொள்ளுங்கள். இரணைமடு, முத்தையன்கட்டு, விசுவமடு போன்ற குடியேற்றப் பகுதிகளில் பெரும்பாலான காணிகள் 1935ஆம் ஆண்டுக் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின் கீழ் அனுமதிப்பத்திரத்தில் கொடுத்தவை. பத்திரம் பெற்றவர் தாத்தா, இப்போது கேட்டு வருவது பேரன். இடையில் பின்னுரித்தாளர் (அடுத்து உரித்துப் பெறுபவர்) நியமனம், இறப்பு, எல்லைத் தகராறு, வெளிநாட்டில் இருக்கும் சகோதரனின் கடிதம் என்று ஒரு கோவைக்குள் மூன்று தலைமுறைக் கதை இருக்கும். அந்தக் கோவை இடம் மாறிக் கிடந்தால் பேரனுக்கு வீட்டுத் திட்டமும் இழுபடும், வங்கிக் கடனும் இழுபடும். இப்படியான கோவையை வேறு ஏதோ பைலின் அடியில் வைத்துவிட்டு மறப்பது எவ்வளவு பெரிய அநியாயம்!

சரி, மேசைக்கு வருகிறேன். ஒரு மேசையில் ஏன் பைல் குவிகிறது என்று கவனித்துப் பார்த்தால், பெரும்பாலானவை இன்றைய வேலை இல்லை. வேறொரு திணைக்களத்தின் பதிலுக்காகவோ, நில அளவையாளரின் அறிக்கைக்காகவோ, மேலதிகாரியின் கையெழுத்துக்காகவோ காத்திருப்பவை. றாக்கைக்குத் திருப்பி அனுப்பினால் மறந்துபோவோம் என்ற பயத்தில் கண்ணுக்கு முன்னால் வைத்துக்கொள்கிறோம். மேசையையே ஞாபகக் குறிப்பாகப் பாவிக்கிறோம். முதல் பத்துக் கோவை வரைக்கும் அது வேலை செய்யும். அதற்குப் பிறகு மேலே இருப்பது மட்டும்தான் ஞாபகம் வரும், அடியில் இருப்பவர் காத்திருக்க வேண்டியதுதான். இதற்கு ஒரு டயறி போதும். "இன்ன திகதியில் இன்ன கோவையைப் பார்" என்று அந்தத் திகதிப் பக்கத்தில் எழுதிவிட்டுக் கோவையை அதன் இடத்துக்கு அனுப்பிவிடலாம். காலையில் வந்தவுடன் அன்றைய பக்கத்தைத் திறந்தால் எதை எடுக்க வேண்டும் என்று தெரியும். பழைய எழுதுவினைஞர்கள் இதைத்தான் செய்தார்கள். எங்களுக்குத்தான் பழக்கம் விட்டுப்போச்சு.

அப்புறம் வெளியே போன கோவைக்கு ஒரு மட்டை. கடதாசிப் பெட்டியின் மட்டையை வெட்டி, கோவை இலக்கம், எடுத்தவர் பெயர், திகதி மூன்றையும் எழுதி, பைலை எடுத்த இடத்தில் செருகிவிட வேண்டும். மட்டை றாக்கையில் இருந்து ஒரு விரல் வெளியே நீட்டிக்கொண்டு நின்றால் தூரத்தில் இருந்தே கண்ணில் படும். பைல் யாரிடம் என்று ஏழு பேரைக் கேட்டுத் திரிய வேண்டாம், மட்டையில் பெயர் உள்ளவரிடம் நேரே போய் வாங்கி வரலாம். செலவு எதுவும் இல்லை. நான் வேலை செய்த ஓர் இடத்தில் காணிப் பகுதியில் மாத்திரம் இதைத் தொடங்கினோம். முதலில் முணுமுணுத்தவர்கள்கூட, தங்களைத் தேடி வந்து "உங்களிட்டையோ பைல்?" என்று கேட்கிறவர்கள் குறைந்ததும் தாங்களே மட்டை வெட்டித் தந்தார்கள்.

லாச்சிகளைப் பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை. காய்ந்துபோன முத்திரை மைப்பெட்டி, எழுதாத பேனை, மூடி இல்லாத பசைப்போத்தல், பழைய பனடோல் மட்டை எல்லாம் ஒரு பின்னேரத்தில் குப்பைக்குப் போகக்கூடியவை. இவற்றுக்கு எந்த அனுமதியும் தேவையில்லை. திறப்புகளைத்தான் கவனிக்க வேண்டும். பெயர் இல்லாத திறப்புக் கோர்வை ஒன்று ஏறத்தாழ எல்லா அலுவலகத்திலும் இருக்கிறது. எந்தத் திறப்பு எந்த அலுமாரிக்கு என்று ஒருவருக்கு மாத்திரம் தெரியும், அவர் லீவு என்றால் அலுமாரியும் லீவு. ஒவ்வொன்றிலும் இலக்கம் எழுதிய ஒரு துண்டைக் கட்டி, அதே இலக்கத்தை அலுமாரியிலும் எழுதிவிட்டால் முடிந்தது.

உடைந்த கதிரையும் பழுதான பிரிண்டரும் வேறு கதை. ரெக்கோட் றூமில் பாதி இடத்தை இவைதான் பிடித்திருக்கின்றன. அரச சொத்து என்பதால் தூக்கி எறிய முடியாது, உண்மைதான். ஆனால் வருட இறுதியில் பொருட் கணக்கெடுப்புக்கு ஆட்கள் வரும்போது பாவனைக்கு உதவாதவை என்று பட்டியல் போட்டுக் கழிப்பதற்கு வழி இருக்கிறது. பட்டியல் போட யாருக்கும் நேரம் இல்லாததால் அந்தப் பொருட்கள் அடுத்த வருடமும் அங்கேயே நிற்கின்றன. அவற்றுக்கு இடம் விட்டுக் கோவைகள் நிலத்துக்கு இறங்குகின்றன. இங்கே நிலத்தில் பைல் வைப்பது கறையானுக்குக் கொடுப்பதுதான். 2018 டிசம்பரில் இரணைமடுக் குளம் நிறைந்து கிளிநொச்சி, முல்லைத்தீவு எங்கும் வெள்ளம் வந்ததே, அதற்குப் பிறகும் எந்த அலுவலகத்திலாவது அடித்தட்டில் காணிப் பதிவேடு இருந்தால் இன்றைக்கே மேலே ஏற்றிவிடுங்கள்.

ஜப்பான்காரரின் ஐந்து எஸ் முறை பற்றி எங்கள் அலுவலகங்களில் தெரியாதவர் இல்லை. வேண்டியதையும் வேண்டாததையும் பிரி, ஒவ்வொன்றுக்கும் இடம் ஒதுக்கு, துப்பரவு செய், எல்லோருக்கும் பொதுவான ஒரே முறையை வை, அதைப் பழக்கமாக்கு. இதை இலங்கையில் கொம்பனிகள் மாத்திரம் செய்யவில்லை, கொழும்பு காசல் வீதி மகளிர் வைத்தியசாலையும் செய்து காட்டியது. 2000ஆம் ஆண்டளவில் வைத்தியர் விமல் கரந்தகொட பணிப்பாளராக இருந்தபோது அங்கே தொடங்கினார்கள். பிறகு ஜப்பானிய அரசின் உதவி நிறுவனமான ஜெய்க்கா அதையே முன்மாதிரியாக எடுத்து ஆபிரிக்க நாடுகளின் வைத்தியசாலைகளுக்குக் கொண்டுபோனது. இரவு பகலாகக் கூட்டம் நிறைந்த ஓர் அரச வைத்தியசாலையில் நடந்த விஷயம் எங்கள் அலுவலகங்களில் நடக்காது என்று நான் நம்பத் தயாரில்லை.

எனக்கு மனவருத்தம் தருவது, இதைப் பரிசுக்கான வேலையாக ஆக்கிவிட்டதுதான். உற்பத்தித்திறன் போட்டி வருகிறது என்றால் இரண்டு கிழமைக்கு எல்லா அலுமாரியிலும் நிற ஸ்டிக்கர் ஒட்டுவார்கள், பூச்சாடி வைப்பார்கள், நடுவர்கள் வந்து போவார்கள். அடுத்த மழைக்கு ஸ்டிக்கர் உரிந்து விழும். அந்த ஐந்தில் கடைசியாக வரும் பழக்கம்தான் கடினமானது. ஒவ்வொரு நாளும் வீட்டுக்குப் போக முன் பதினைந்து நிமிடம் எடுத்து, மேசையில் உள்ளதை அதனதன் இடத்துக்கு அனுப்புவது. யாழ்ப்பாண பஸ்ஸைப் பிடிக்க நாலு மணிக்கே பையைத் தோளில் போடுகிறவர்களின் அவசரம் எனக்கு விளங்குகிறது. தினமும் ஏ9இல் போய் வருவது களைப்பான வேலை. அதற்காகத்தான் சொல்கிறேன், அந்தப் பதினைந்து நிமிடத்தைக் கடமை நேரத்துக்குள்ளேயே ஒதுக்க வேண்டும். அதைச் செய்ய வேண்டியவர் நிர்வாக உத்தியோகத்தர்.

கணினியிலும் இதே நிலைமைதான். திரை முழுக்கப் பெயரில்லாத ஃபோல்டர்கள், "கடைசி", "கடைசி 2" என்று கடிதங்கள், வட்ஸப்பில் வந்து அமிழ்ந்துபோன சுற்றறிக்கைகள். கோப்பின் பெயரை வருடம், மாதம், நாள் என்ற ஒழுங்கில் தொடங்கி, பிறகு கோவை இலக்கத்தைப் போட்டால் அவை தாமாகவே வரிசையில் நிற்கும். வட்ஸப்பில் வந்த கடிதத்தை அன்றே இறக்கிக் கோவையில் சேர்த்துவிட வேண்டும். போன் மாற்றினால் அது போய்விடும்.

"என்ர மேசை எனக்குத் தெரியும், எது எங்க கிடக்குதெண்டு கண்ணை மூடிக்கொண்டு எடுப்பன்" என்று சொல்கிறவர்கள் உண்டு. நல்ல வேலைகாரர்கள், நான் மதிக்கிறவர்கள். ஆனால் வன்னியில் ஒரே கதிரையில் பல வருடம் இருப்பவர்கள் குறைவு. இடமாற்றம் கிடைத்து அவர் போகும்போது அந்த ஞாபகமும் அவரோடு போய்விடுகிறது. புதிதாக வரும் பிள்ளை முதல் ஆறு மாதம் தேடுவதிலேயே கழிக்கிறது, சனத்தின் ஏச்சையும் வாங்குகிறது. பதில் கடமைக்கு வருகிறவரின் நிலைமை இன்னும் மோசம்.

ஆகவே பிரதேச செயலாளர்களிடமும் திணைக்களத் தலைவர்களிடமும் நான் கேட்பது ஒன்றுதான். இடமாற்றம் பெற்றுப் போகிறவர் கடமையைக் கையளிக்கும்போது, தன் பொறுப்பில் உள்ள கோவைகளின் பட்டியலை அலுமாரி இலக்கம், தட்டு இலக்கத்தோடு எழுதித் தர வேண்டும். வருகிறவர் நேரில் போய்ப் பத்துக் கோவையையாவது அந்தப் பட்டியலைப் பார்த்துத் தானே எடுத்து, கிடைத்தது என்று கையெழுத்துப் போட வேண்டும். அந்தக் கையெழுத்து விழும் வரை விடுவிப்புக் கடிதத்தைக் கொடுக்காதீர்கள்.