சுசந்திக்கா வென்றது வெள்ளி

நேற்று மகளின் பொது அறிவுப் புத்தகத்தில், ஒலிம்பிக்கில் இலங்கை பெற்ற பதக்கங்கள் என்ற பகுதியில், 'சுசந்திக்கா ஜயசிங்க, 200 மீற்றர், வெண்கலம்' என்று அச்சிட்டிருந்ததைக் கண்டேன். பேனாவை எடுத்து அந்தக் கடைசிச் சொல்லை வெட்டி, 'வெள்ளி' என்று மேலே எழுதினேன். ஏன் என்று அவள் கேட்டாள். அவளுக்குச் சொன்னதைச் சற்று விரிவாக இங்கே எழுதுகிறேன்.

2000 செப்டெம்பர் 28 அன்று சிட்னியில் நடந்த இறுதிப் போட்டியில் அமெரிக்காவின் மரியன் ஜோன்ஸ் 21.84 செக்கனிலும், பஹாமஸின் போலின் டேவிஸ் 22.27 செக்கனிலும், சுசந்திக்கா 22.28 செக்கனிலும் ஓடி முடித்தார்கள். 1948 இல் லண்டனில் டங்கன் வைட் தடைதாண்டலில் வெள்ளி வென்ற பிறகு, 52 ஆண்டுகள் கழித்து இலங்கைக்குக் கிடைத்த ஒலிம்பிக் பதக்கம் அது. சிட்னிக்கு முன்பே தாம் ஊக்கமருந்து எடுத்ததாக ஜோன்ஸ் ஒப்புக்கொண்டது 2007 அக்டோபரில். சுசந்திக்காவின் வெண்கலத்தைச் சர்வதேச ஒலிம்பிக் குழு வெள்ளியாக உயர்த்தியதோ 2009 டிசெம்பரில்.

பட்டியலில் ஒரு சொல் மாறியதால் நீதி கிடைத்துவிட்டது என்று என்னால் ஏற்றுக்கொள்ள முடியவில்லை. வரக்காபொலப் பக்கத்துக் கிராமமொன்றின் ஏழைக் குடும்பத்திலிருந்து வந்த இந்தப் பெண்மீது 1998 இல் ஊக்கமருந்துக் குற்றச்சாட்டு சுமத்தப்பட்டு, பின்னர் அவர் அதிலிருந்து விடுவிக்கப்பட்டார். குற்றமற்றவர் என்று நிரூபிக்கப் போராடி வந்தவர் சிட்னி மேடையின் மூன்றாம் படியில் நிற்க, உண்மையில் மருந்து உட்கொண்டவர் முதற்படியில் நின்றார். அன்று அவருக்கு 24 வயது. அந்த வயதில் கிடைக்க வேண்டிய மரியாதையையும் வாய்ப்புகளையும் ஒன்பது ஆண்டுகள் கழித்து யார் கொடுக்க முடியும்?

என்னை இன்னும் வருத்துவது டேவிஸுக்கும் சுசந்திக்காவுக்கும் இடையில் இருந்த அந்த 0.01 செக்கன். அந்த வேகத்தில் ஓடுபவர் ஒரு செக்கனின் நூறிலொரு பங்கில் கடக்கும் தூரம் ஏறத்தாழ 9 சென்ரிமீற்றர், அதாவது ஓர் உள்ளங்கையின் அகலம். எல்லைக்கோட்டில் தலையோ கையோ கணக்கில் வராது, உடற்பகுதி கோட்டைத் தொட வேண்டும். அதனால்தான் கடைசி அடியில் எல்லோரும் மார்பை முன்னே தள்ளுகிறார்கள். 1997 இல் ஏதென்ஸ் உலகச் சம்பியன்ஷிப்பில் இதே அளவு வித்தியாசத்தில், 22.39 க்கு 22.40 என்று, ஜமைக்காவின் மேர்லின் ஓட்டியை முந்தி வெள்ளி வென்றவர் சுசந்திக்கா. சிட்னியில் அந்த உள்ளங்கை அகலம் அவருக்கு எதிராக விழுந்தது. ஜோன்ஸை நீக்கிவிட்டுப் பார்த்தால், அது தங்கத்துக்கான இடைவெளி. நான்கு மீற்றர் முன்னால் ஒருவர் போய்க்கொண்டிருக்க அவரைத் துரத்துவதும், முன்னால் எவருமில்லாமல் பக்கத்தில் ஓடுபவரோடு மட்டும் மோதுவதும் ஒன்றாகுமா? அப்படி ஓடியிருந்தால் யார் வென்றிருப்பார் என்பதை இனி எந்தக் குழுவாலும் தீர்மானிக்க முடியாது.

இவ்வளவுக்குப் பிறகும், ஏதென்ஸுக்குப் பத்து ஆண்டுகள் கழித்து, 31 வயதில், ஒசாகா உலகச் சம்பியன்ஷிப்பில் அவர் அதே 200 மீற்றரில் வெண்கலம் வென்றார். ஜோன்ஸ் வாய் திறந்தது அதற்கு அடுத்த சில வாரங்களில்தான்.

வெள்ளி அறிவிக்கப்பட்டு இத்தனை ஆண்டுகளாகியும் நம் பிள்ளைகள் அதை வெண்கலம் என்று மனப்பாடம் செய்வது எனக்குக் கோபத்தையே தருகிறது. பொது அறிவு நூல்களை வெளியிடுவோர் அடுத்த பதிப்பிலாவது அந்த ஒரு சொல்லைத் திருத்துங்கள்.