காலைக் கூட்டத்தில் எல்லாமே "பிரச்சினை இல்லை சேர்"

கிளிநொச்சியிலும் வவுனியாவிலும் சிறிய மென்பொருள் குழுக்களை நடத்துபவர்கள் வேலையைச் சிறு சிறு பகுதிகளாக முடித்து அடிக்கடி திருத்திக்கொண்டு போகும் அஜைல் முறைக்கு மாற எங்கிருந்து தொடங்கலாம் என்று கேட்கும்போது, எல்லோரும் நின்றபடியே சுருக்கமாகப் பேசும் காலை ஸ்டாண்ட்-அப் கூட்டத்திலிருந்து தொடங்க வேண்டாம் என்றே சொல்லி வருகிறேன். பலருக்கு அஜைல் என்றாலே அந்தக் கூட்டம்தான் என்பதால் இந்தப் பதில் அவர்களுக்கு உவப்பாக இருப்பதில்லை.

2001 பெப்ரவரியில் அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில் கூடிய 17 பேர் எழுதிய அஜைல் பிரகடனத்தில் ஸ்டாண்ட்-அப் என்ற பேச்சே இல்லை. தினசரிக் கூட்டத்தை விதியாக வைத்திருப்பது அஜைல் முறைகளில் ஒன்றான ஸ்க்ரம். அதன் வழிகாட்டியின்படி அது 15 நிமிடங்களுக்குள் டெவலப்பர்கள் தங்கள் அன்றைய வேலையைத் தாங்களே திட்டமிட்டுக்கொள்வதற்கானது. முகாமையாளருக்குக் கணக்கு ஒப்புவிப்பதற்கானது அல்ல. நேற்று என்ன செய்தேன், இன்று என்ன செய்யப்போகிறேன், எது தடை என்ற மூன்று கேள்விகளைக்கூட 2020ஆம் ஆண்டுப் பதிப்பு கைவிட்டுவிட்டது.

எங்கள் அலுவலகங்களில் நடப்பது வேறு. ஏ9 வீதியோரத்தில் உள்ள ஓர் அலுவலகத்தில் நான் பார்த்த கூட்டத்தில் எல்லோரும் வட்டமாகத்தான் நின்றார்கள், ஆனால் எல்லோருடைய கண்களும் முகாமையாளர் மீதே இருந்தன. "பில் பகுதி போய்க்கொண்டிருக்கு, பிரச்சினை ஒண்டும் இல்லை சேர்" என்றார் ஓர் இளைஞர். கூட்டம் கலைந்து தேநீர் ஊற்றும்போது, பக்கத்தில் நின்றவரிடம் அவரே, "சேர்வர் பாஸ்வேர்ட் இன்னும் தரேல்லை அண்ணா, எல்லாருக்கும் முன்னால எப்பிடிச் சொல்லுறது?" என்று கேட்டார். வவுனியாப் பல்கலைக்கழகத்திலும் அறிவியல்நகர் பொறியியல் பீடத்திலும் படித்துவிட்டு வரும் பிள்ளைகளுக்கு ஸ்க்ரம் தெரியாமல் இல்லை; மூத்தவர் முன்னால் "முடியாது" என்று சொல்வதற்குத்தான் வாய் வருவதில்லை. அது வளர்ப்பில் வந்த மரியாதை என்பதால், பயிற்சி வகுப்பு வைத்து அதைப் போக்கிவிட முடியாது. மரியாதைக்குப் பங்கம் வராமலே உண்மை வெளிவரும் வழிகளிலிருந்து தொடங்குவதுதான் சரி.

அப்படிப்பட்ட வழிகளில் ஒன்று, ஜேம்ஸ் கிரெனிங் 2002இல் முன்வைத்த பிளானிங் போக்கர். ஒரு வேலை எவ்வளவு பெரியது என்பதை ஒவ்வொருவரும் ஒரு சீட்டில் எண்ணாக எழுதி மறைத்து வைத்து, எல்லோரும் ஒரே நேரத்தில் திருப்பிக் காட்ட வேண்டும். அண்ணா 3 என்று சொன்ன பிறகு தம்பி 13 என்று சொல்லமாட்டார், ஆனால் இரண்டு சீட்டுகளும் ஒன்றாகத் திரும்பும்போது அந்த 13 மேசைக்கு வந்துவிடுகிறது. ஏன் 13 என்று கேட்டால், பெரும்பாலும் மற்ற எவருக்கும் தெரியாத ஒரு சிக்கல் வெளியே வரும். சீட்டு வாங்கக்கூடச் செலவில்லை, பழைய கொப்பித் தாள் போதும்.

அடுத்தது, வேலைகளை ஒரு பலகையில் வரிசையாகக் காட்டும் கன்பான் முறையில் உள்ளதுபோல, ஒரே நேரத்தில் கையில் இருக்கும் வேலைகளுக்கு ஓர் எல்லை வைப்பது. இரணைமடுவின் கீழ் சிறுபோகத்துக்கு முன் கூடும் பயிர்ச்செய்கைக் கூட்டத்தில், குளத்தில் நிற்கும் நீரைப் பார்த்த பிறகே எத்தனை ஏக்கர் விதைக்கலாம் என்று முடிவாகிறது. இந்த நிதானம் மென்பொருள் திட்டமிடலில் காணாமற் போய்விடுகிறது: ஒருவரின் பெயரில் ஐந்து வேலைகள் திறந்து கிடக்க, ஐந்துமே பாதியில் நிற்கும். எல்லை இரண்டு என்று வைத்துவிட்டால் மூன்றாவதை மறுப்பது அந்த இளைஞர் அல்ல, விதி. அவருடைய வாய்க்கு அந்தச் சங்கடம் இல்லாமற் போகிறது.

இவை இரண்டும் ஓரளவு பழகிய பிறகு காலைக் கூட்டத்தைத் தொடங்கலாம். தொடக்கத்தில் முகாமையாளர் அதில் கலந்துகொள்ளாமல் இருப்பது நல்லது. குழு ஸ்க்ரம் முறையைச் சரியாகப் பின்பற்ற உதவும் ஸ்க்ரம் மாஸ்டராகவும் அவரையே நியமிப்பது, ஆள் பற்றாக்குறை காரணமாக இங்கு வழக்கமாகிவிட்ட ஏற்பாடு என்றாலும், எனக்கு அதில் உடன்பாடில்லை.

கடைசியாக, முதலாளி தரப்பு. கனடாவிலோ இலண்டனிலோ இருக்கும் பங்காளர் இரவில் வாட்ஸ்அப்பில் அனுப்பும் குரல்பதிவு, மறுநாள் காலையில் ஸ்பிரின்ட் எனப்படும், முன்கூட்டியே திட்டமிட்ட இரண்டு வார வேலைச் சுற்றை முழுவதுமாகக் கவிழ்த்துவிடுவதைப் பலரும் அனுபவித்திருப்பீர்கள். அந்தக் குரல்பதிவை, செய்யவேண்டிய வேலைகளின் பட்டியலான பக்லொக்கில் ஒரு வரியாக எழுதி, அடுத்த திட்டமிடல் வரை காத்திருக்கச் செய்யும் அதிகாரம் உள்ளூரில் ஒருவரிடம் இருக்க வேண்டும். அவர்தான் புரொடக்ட் ஓனர். அவர் யார் என்பதைப் பங்காளரிடமிருந்து எழுத்தில் வாங்கிக்கொண்ட பிறகு முதல் ஸ்பிரின்டுக்குத் திகதி குறியுங்கள்.