அம்மாவுக்கு ஒரு கிளினிக்
கோலாலம்பூரில் செந்தூலிலிருந்து கெப்போங் பக்கம் ஒரு தாமானுக்கு, அதாவது வீடமைப்புப் பகுதிக்கு, குடிவந்து 3 மாதமாகிறது, அம்மாவுக்கு இன்னும் ஒரு கிளினிக் அமையவில்லை. அரசாங்கக் கிளினிக்கில் 1 வெள்ளிதான் (ரிங்கிட்), மருந்தும் அதிலேயே அடக்கம், அதைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் அம்மாவின் இனிப்புநீர் (சர்க்கரை நோய்) சிகிச்சைப் புத்தகத்தை இங்கே மாற்றுவதற்குள் உயிர் போகிறது. பழைய இடத்தில் கடிதம் வாங்கி வா என்றார்கள், சரி, வாங்கி வந்தால் கரண்ட் பில் உங்கள் பெயரில் இல்லையே என்கிறார்கள். வாடகை வீட்டில் எப்படி இருக்கும்? நேற்று வெறும் வயிற்றில் ரத்தம் எடுக்க வேண்டும் என்று காலை 6.30க்கே போய் உட்கார்ந்தோம். 11 மணிக்குத்தான் கூப்பிட்டார்கள். அதுவரை இட்லிப் பொட்டலத்தை மடியில் வைத்துக்கொண்டு, கை நடுங்க, அம்மா என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். சர்க்கரை நோயாளியை இப்படியா காக்க வைப்பது? அப்புறம் வீட்டுக்கு வந்ததும் பக்கத்து வீட்டு மக்சிக்தான் (மலாய்க்கார அம்மா) தண்ணீர் கொடுத்துப் படுக்க வைத்தார்.