டிராபிக் லைட் வேண்டாம், வட்டம் போடுங்கள்

எங்கள் தோட்டப்புற ஊரின் நாற்சந்தியில் டிராபிக் லைட் கேட்டுக் கையெழுத்து வாங்குகிறார்கள். நான் போடவில்லை. சாலைப் பொறியாளனே இப்படிச் செய்யலாமா என்று சிலருக்குக் கோபம். அங்கே வேண்டியது சின்ன ரவுண்டபவுட், அதாவது நடுத்திட்டைச் சுற்றி வண்டிகள் போகும் வட்டச் சந்தி. (அதன்மேல் எனக்குப் பைத்தியம்தான். வெளியூர் போனாலும் காரை ஓரங்கட்டி வட்டத்தைப் படம் பிடிப்பேன். வீட்டில் பேச்சும் வாங்குவேன்.)

சாதாரண நாற்சந்தியில் வண்டிகளின் பாதைகள் முட்டிக்கொள்ளும் இடங்கள் 32. ஒரு தட ரவுண்டபவுட்டில் 8. சிவப்பு விளக்கில் பாய்கிறவன் பக்கவாட்டில் வந்து இடிப்பான். ராத்திரி 10 மணிக்கு மேல் நம் ஊரில் எத்தனை மோட்டார் சைக்கிள் லைட்டுக்கு நிற்கும், நீங்களே சொல்லுங்கள்! வட்டத்தில் எல்லாரும் ஒரே பக்கம் மெதுவாகச் சுற்றுவதால் பெரும்பாலும் உரசலோடு போகும்.

ஆனால் நடுவில் பூச்செடியும் மணிக்கூண்டும் வைத்தால் மட்டும் ரவுண்டபவுட் ஆகிவிடாது. வருகிற வண்டியை வளைக்கவேண்டும். நேரே போக வழியிருந்தால் எவனும் பிரேக்கைத் தொடமாட்டான். நுழைவாயிலில் ரோட்டின் நடுவே பிரிப்புத் திட்டு வைத்து, ஸ்டியரிங்கை இடப்பக்கம் ஒடித்தே தீரவேண்டும் என்று ஆக்கினால் வேகம் தானாக இறங்கும். என் மனத்தைக் கொள்ளையடித்தது அந்த வளைவுதான்.

செம்பனைப் பழம் ஏற்றிய லோரி நுழையுமா என்பார்கள். திரும்பும்போது லோரியின் பின்சக்கரம் முன்சக்கரத் தடத்தில் போகாது, உள்ளே வெட்டும். அதற்காகவே நடுத்திட்டைச் சுற்றி லேசாக உயர்த்திக் கல் பாவுவோம். லோரி ஏறிப் போகலாம், கார் ஏறினால் குலுங்கும். பக்கத்து ஊர் வட்டத்தில் அது இல்லை. ஓரக்கல்லில் கறுப்பு வெள்ளை பெயிண்ட் போய் டயர்க் கறுப்பு ஏறியிருக்கிறது, கல் பெயர்ந்து கிடக்கிறது. குலுங்கிய லோரியிலிருந்து விழுந்த உதிரிப்பழம் நசுங்கி ரோடெல்லாம் பிசுபிசுப்பு. மழை தூறினால் மோட்டார்காரன் பாடு திண்டாட்டம்.

மலேசியாவின் நிர்வாகத் தலைநகர் புத்ராஜெயாவில் உள்ள ரவுண்டபவுட்டின் சுற்றளவு சுமார் 3.5 கிலோமீட்டர். அதை நினைத்துக்கொண்டு நிலத்துக்கு எங்கே போவது என்கிறார்கள். நமக்கு 30, 35 மீட்டர் விட்டம் போதும்.

வலப்பக்கத்திலிருந்து சுற்றி வருபவருக்கு வழிவிடும் விதி 1966-ல் பிரிட்டனில் வந்தது. அந்த விதி வருமுன் உள்ளே நுழைந்தவர்களே முட்டிக்கொண்டு வட்டம் அடைத்துவிடும். நம் விதியும் அதுவே. ஆகவே மரியாதைக்காக வட்டத்துக்குள் நின்று கைகாட்டும் அண்ணன்மாரே, தயவுசெய்து ஓட்டிக்கொண்டு போங்கள்!

பள்ளி விடும் நேரத்தில் ஒரே ரோட்டிலிருந்து இடைவிடாமல் கார் வந்தால் அடுத்த ரோடு காத்துக் கிடக்கும், மறுக்கவில்லை. நாள் முழுக்க அப்படியிருந்தால் லைட்தான் சரி. நம் சந்தியில் அந்த அரைமணி நேரம்தான். நடந்து போகும் பாட்டிமாருக்கும் பிரிப்புத் திட்டு உதவும். பாதி ரோட்டைக் கடந்து அதில் நின்றுகொள்ளலாம், ஒரு நேரத்தில் ஒரு பக்கத்து வண்டியைப் பார்த்தால் போதும். நடப்பவர் கடக்கும் வரிக்கோட்டை மட்டும் வட்டத்தின் வாயிலேயே போடாமல் ஒரு கார் நீளம் தள்ளிப் போடவேண்டும்.