அஞ்சு ஸ்டார் போட்டது யாரு?

கார்ட்லெஸ் போன் வாங்க வர்றவங்க இப்பல்லாம் ஷோகேஸைப் பார்க்கிறதே இல்லை. பாக்கெட்டிலிருந்து செல்லை எடுத்து ரிவ்யூவை நீட்டுறாங்க. "அண்ணே, இதுக்கு நாலு ஸ்டாருக்கு மேல இருக்கு, உங்ககிட்ட இருக்கா?" இருந்தா அடுத்த கேள்வி விலை. இல்லைன்னா நடையைக் கட்டிடுவாங்க. கும்பகோணத்துல டெலிபோன் சாமான் விக்கிறவன் நான். ஆன்லைன் மேல எனக்குக் கடுப்பு இருக்கும்னு நினைப்பீங்க. இருக்கு, இல்லாம என்ன. ஆனா இந்தப் பதிவு அதுக்காக இல்லை. கடையில ஈ ஓட்டுற மத்தியான நேரத்துல அந்த ரிவ்யூவையெல்லாம் உட்கார்ந்து படிக்கிறவன் நான். படிச்சதுல ஒண்ணு மட்டும் நல்லாப் பிடிபட்டிருக்கு: எழுதுறவர் ஒருத்தர், அந்த போன்ல பேசப்போறவர் வேற ஒருத்தர்.

இன்னைக்கு கார்ட்லெஸ் போன் யாருக்காக வாங்குறாங்க? தனக்காக வாங்குறவங்க ரொம்பக் கம்மி. சென்னையிலயோ சிங்கப்பூர்லயோ இருக்கிற பிள்ளை, ஊர்ல இருக்கிற அப்பா அம்மாவுக்காக ஆர்டர் போடுது. பெட்டி வந்து இறங்குது, பக்கத்து வீட்டுப் பையன் மாட்டிக் கொடுக்கிறான், பிள்ளை அங்கேருந்து ஒரு கால் போடுது. அம்மா குரல் கணீர்னு கேக்குது. அவ்வளவுதான், அஞ்சு ஸ்டார். டெலிவரி சீக்கிரம், பேக்கிங் நல்லா இருக்கு, கலர் அழகு, வாய்ஸ் கிளியர். அந்த ரிவ்யூவுல பொய் எதுவும் இல்லை. ஆனா போன் அந்த வீட்டுல வாழ ஆரம்பிக்கிறதே அதுக்கு மறுநாள்தான். அந்த மறுநாளைப் பத்தி எழுத அம்மாவுக்கு அக்கவுண்ட்டும் கிடையாது, பாஸ்வேர்டும் கிடையாது.

அம்மாவோட ரிவ்யூ என் கவுண்ட்டருக்கு வரும். துணிப்பையில சுத்தி எடுத்துட்டு வருவாங்க. "தம்பி, இதுல யாரு கூப்பிட்டாலும் எங்கேஜ்டாவே இருக்காம். புள்ள சத்தம் போடுறான்." போனுக்கு ஒரு கோளாறும் இருக்காது. பழைய போன்ல ரிசீவரைத் தாங்கியில வெச்சா லைன் கட் ஆகும். கார்ட்லெஸ்ல பேசி முடிச்சு டேபிள் மேல வெச்சா கட் ஆகாது, சிவப்பு பட்டனை அமுக்கணும், இல்லைன்னா பேஸ்ல, அதாவது லைன் ஒயரும் கரண்ட் ஒயரும் மாட்டின அடிப்பெட்டியில, கொண்டுபோய் உட்கார வைக்கணும். நாப்பது வருஷம் கை பழகின பழக்கம் ஒரு நாள்ல மாறுமா? சாயந்திரம் வரைக்கும் ஹேண்ட்செட் டேபிள் மேல திறந்தே கிடக்கும், பிள்ளை அங்கே கூப்பிட்டுக் கூப்பிட்டுப் பதறிப் போயிருக்கும். சிவப்பு பட்டன் கண்ணுல படுற மாதிரி பெரிசா இருக்கான்னு எந்த ரிவ்யூவுலயாவது படிச்சிருக்கீங்களா? நான் தேடித் தேடிப் பார்க்கிறேன், அத்திப் பூத்த மாதிரிதான் ஒண்ணு சிக்குது. சாம்பல் பட்டன்ல சாம்பல் எழுத்து போட்டு விக்கிற மாடலும் இருக்கு. அதுக்கும் நாலு ஸ்டாருக்கு மேலதான்.

சரி, ஒத்தை ஸ்டார் போட்டுத் திட்டுறவங்களாவது போனைத் திட்டுறாங்களான்னு பார்த்தா, அதுவும் பெரும்பாலும் இல்லை. லைனைத் திட்டுறாங்க, கரண்ட்டைத் திட்டுறாங்க, கவர்மெண்ட்டைத் திட்டுறாங்க. அடி மட்டும் போனுக்கு விழுது.

கரண்ட் விஷயத்தையே எடுத்துக்குங்க. கரண்ட் போனா போன் செத்துப் போகுது, ஃபுல் சார்ஜ் இருந்தும் வேலை செய்யலை, ஏமாத்து வேலைன்னு பொரிஞ்சு தள்ளியிருப்பாங்க. ஹேண்ட்செட்ல சார்ஜ் இருந்து என்ன பண்றது? அது பேசுறது பேஸ்கிட்ட. பேஸ் சுவத்துல இருக்கிற பிளக்கை நம்பி இருக்கு. பழைய ஒயர் போனுக்கு இந்தத் தொல்லை கிடையாது. காப்பர் லைன் வழியாவே எக்ஸ்சேஞ்ச்லேருந்து 48 வோல்ட் டிசி வரும், எக்ஸ்சேஞ்ச்ல பேட்டரி ரூமே தனியா இருக்கும், ஊரே இருட்டா இருந்தாலும் டயல் டோன் இருக்கும். புயல் மழைக்கு இந்தப் பக்கத்து ஜனங்க அதை நம்பித்தான் இருந்தாங்க. இப்ப ஃபைபர் வந்த வீட்டுல ஒயர் போனுக்கும் அந்தப் பெருமை போச்சு. மோடம் அணைஞ்சா போனும் அணைஞ்சுது. அதனால மோடத்தையும் கார்ட்லெஸ் பேஸையும் ஒரே இன்வெர்ட்டர் பாயிண்ட்ல மாட்டிடுங்கன்னு நான் சொல்லாத வீடு இல்லை. ஃபேனுக்கும் டிவிக்கும் இன்வெர்ட்டர் லைன் இழுத்திருப்பாங்க, போனுக்கு இழுத்திருக்க மாட்டாங்க.

அடுத்தது 2021 ஜனவரி 15. அன்னையிலேருந்து லேண்ட்லைன்லேருந்து செல்லுக்குக் கூப்பிட்டா முன்னாடி சைபர் போடணும்னு ஆக்கிட்டாங்க. அந்த வாரம் என் கடைக்கு வந்த போன்களைப் பார்த்திருக்கணும் நீங்க! மெமரியில பேரோட சேர்த்து வெச்ச நம்பர் எல்லாம் சைபர் இல்லாத பத்து இலக்கம். பட்டனைத் தட்டினா ரெக்கார்டிங் பேசுது. இதுல இன்னொரு நுணுக்கம் உண்டு. வந்த கால் லிஸ்ட்டுல நம்பர் பல இடத்துல சைபர் இல்லாமத்தான் விழும். மிஸ்டு கால் பார்த்து அப்படியே திருப்பி அடிச்சா போகாது. இதுக்கு ஒத்தை ஸ்டார் போட்டு, அவுட்கோயிங் வேலை செய்யலைன்னு எழுதி, ரிட்டர்ன் பண்ணினவங்க எத்தனை பேரோ. போன் கம்பெனிக்காரன் அதைப் படிச்சுட்டு என்னத்தைத் திருத்துவான்?

காலர் ஐடி கதையும் இதே ஜாதிதான். நம்பர் காட்ட மாட்டேங்குதுன்னு புலம்புவாங்க. முதல்ல அந்த வசதியை லைன் கொடுக்கிறவங்க போட்டு விட்டிருக்கணும். அப்புறம் நம்பரை அனுப்புறதுல எஃப்எஸ்கே, டிடிஎம்எஃப்னு ரெண்டு முறை இருக்கு. சில போன் ரெண்டையும் தானாப் புரிஞ்சுக்கும், சிலதுல செட்டிங்ல போய் மாத்தணும். பேங்க்குக்குப் போட்டு ஒண்ணை அமுக்கினா கேக்க மாட்டேங்குதுன்னா போன் பழைய டயல் காலத்து பல்ஸ் முறையில கிடக்குது, டோன் முறைக்கு மாத்தணும். ரெண்டு நிமிஷ வேலை.

ரேஞ்ச்தான் பெரிய பஞ்சாயத்து. பெட்டி மேல வீட்டுக்குள்ள 50 மீட்டர், வெட்டவெளியில 300 மீட்டர்னு போட்டிருப்பான். எங்க ஊர் பழைய வீடுகளை நினைச்சுப் பாருங்க. திண்ணை, ரேழி, கூடம், முற்றம், அடுப்படி, கொல்லைன்னு தெருவுக்குத் தெரு போகிற நீளம். நடுவுல ஒண்ணரை அடி செங்கல் சுவர் எத்தனை? பேஸைக் கொண்டுபோய் வாசல் ரூம்ல இரும்பு பீரோவுக்கும் சுவத்துக்கும் இடுக்குல வெச்சிருப்பாங்க, ஏன்னா பழைய போன் பாயிண்ட் அங்கேதான். கிணத்தடியில சிக்னல் இல்லைன்னு ரெண்டு ஸ்டார். ஒயரைக் கொஞ்சம் நீட்டி, பேஸைக் கூடத்துல ஆள் உசர ஸ்டாண்டுல வெச்சா பெரும்பாலும் கொல்லை வரைக்கும் கேக்கும்.

இங்கேதான் ரிவ்யூவோட தேதியைப் பார்க்கணும்கிறேன். நம்ம ஊர்ல ரொம்ப காலம் வித்தது 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில பேசுற மாடல். பானசோனிக் மாதிரி பெரிய கம்பெனியோட பேர்போன மாடல்களே அதுல உண்டு. அப்ப வாங்கினவங்க புகழ்ந்து எழுதினது நியாயம்தான், வீட்டுல வைஃபை இல்லை. அப்புறம் அதே 2.4-ல வைஃபை மோடம் வந்து பேஸுக்குப் பக்கத்துலயே குந்திக்கிச்சு. கரகரன்னு இரைச்சல், ஒரு பக்கம் நெட்டும் மந்தம். அதே போனுக்குப் புது ரிவ்யூ எல்லாம் வசவு. பெட்டியில 1.9 கிகாஹெர்ட்ஸ், டெக்ட்னு இருந்தா இந்தச் சண்டை இல்லை. டெக்ட்னதும் ஒண்ணு சொல்லணும். அது ஐரோப்பாவுல பிறந்த கார்ட்லெஸ் முறை. ஆனா 90-கள்ல அதை வெச்சு சென்னை ஐஐடியில பேராசிரியர் அசோக் ஜுன்ஜுன்வாலா தலைமையிலான டெனெட் குழு, மைடாஸ் கம்பெனியோட சேர்ந்து கார்டெக்ட்னு ஒண்ணு செஞ்சாங்க. தெருத்தெருவா செம்புக் கம்பி இழுக்காமலே கிராமத்துக்கு போன் கொடுக்கிற வழி அது. கடையில டெக்ட்னு சொன்னா ஜெர்மன் டெக்னாலஜியா சார்னு கேக்கிறவங்களுக்கு இந்தக் கதையை இலவசமா சொல்லி அனுப்புவேன்.

உண்மையிலேயே போன் மேல சொல்ல வேண்டிய குறை எப்ப வெளியே வரும்னா, ஒண்ணு ரெண்டு வருஷம் கழிச்சு பேட்டரியில. அதுக்குள்ள ரிவ்யூ எழுதினவர் அப்படி ஒரு போன் வாங்கினதையே மறந்திருப்பார். பேச ஆரம்பிச்சு அஞ்சு நிமிஷத்துல டிங் டிங்னு அடிச்சு அணையும். போன் போச்சுன்னு பரண்ல போட்டுட்டு அடுத்ததுக்கு ஆர்டர் போடுவாங்க. உள்ளே இருக்கிறது நிக்கல் மெட்டல் ஹைட்ரைடு பேட்டரி, தேய்ஞ்சுதான் போகும். ட்ரிபிள் ஏ சைஸ்ல ரெண்டு தனித்தனி செல் போடுற மாடலா இருந்தா எங்கேயும் கிடைக்கும், போன் மறுபடி புதுசு. ஒயர் வெச்சு ஒட்டின தனி பேக் கேக்கிற மாடலா இருந்தா அந்த பேக்குக்காக அலையணும். பிரவுன் கலர் பசை வழிஞ்சு, ஸ்பிரிங் எல்லாம் பச்சை பூத்த ஹேண்ட்செட்டும் வரும். திறந்து பார்த்தா டிவி ரிமோட்டுக்குப் போடுற சாதா செல் உள்ளே இருக்கும். அதை சார்ஜ்ல வைக்கவே கூடாது, ஆபத்து. பேட்டரி எந்த வகைங்கிற ஒரு வரிக்காகவே நான் ரிவ்யூ பக்கத்தைக் கடைசி வரைக்கும் உருட்டுவேன். மூணு ஸ்டார் போட்டு, ஒரு வருஷத்துக்கு அப்புறம் திரும்ப வந்து எழுதுறேன்னு ஆரம்பிக்கிற ஆள் கிடைச்சா அவர் காலைத் தொட்டுக் கும்பிடலாம்.

ஐப்பசி மழையில இடி விழுந்து லைன் வழியா பேஸ் கருகினதுக்கும் ஒத்தை ஸ்டார் உண்டு. வாரண்டியில அது பொதுவா வராது. இடி இடிச்சா லைனையும் அடாப்டரையும் பிடுங்கி வைங்க, வேற மருந்து இல்லை.

சிம் போடுற டேபிள் போனைக் கார்ட்லெஸ்னு நினைச்சு வாங்கிட்டு ஏசுற ரகமும் இருக்கு. அதுல 2ஜி மட்டும் எடுக்கிற போனை வாங்கி ஜியோ சிம்மைப் போட்டா எப்படி எடுக்கும்? ஜியோவுக்கு 2ஜியே கிடையாது. இது தெரியாம விக்கிற கடைக்காரனையும் சேர்த்துத்தான் திட்டணும், நான் மறுக்கலை.

காசு வாங்கிட்டு எழுதுற கள்ள ரிவ்யூவைப் பத்தி எல்லாரும் பேசுறாங்க. அதைக் கட்டுப்படுத்த 2022 நவம்பர்ல இந்தியத் தர நிர்ணய அமைப்பு ஐஎஸ் 19000னு ஒரு தர விதியே கொண்டு வந்துச்சு, விருப்பம் இருக்கிற கம்பெனி கடைப்பிடிக்கலாம்னு. நல்லதுதான். ஆனா நான் சொல்ற ரிவ்யூ கள்ள ரிவ்யூ இல்லையே. காசு கொடுத்து வாங்கின நிஜமான ஆள், நிஜமா நினைச்சதை எழுதுறார். அந்த போனைக் காதுல வெச்சுப் பேசாதவர், அவ்வளவுதான். இதை எந்த விதி வடிகட்டும்?

அதனால இப்பல்லாம் ரிவ்யூவோட வர்றவங்ககிட்ட, பேசப்போறவரைக் கையோட கூட்டிட்டு வாங்கன்னு சொல்லிடுறேன். சில பேர் முறைச்சுட்டுப் போவாங்க, போகட்டும். போன மாசம் ஒருத்தர் நிஜமாவே அப்பாவைக் கூட்டிட்டு வந்தார். பையன் ரெண்டு மாடலைக் குறிச்சு வெச்சு ஸ்டார் கணக்கு சொல்லிட்டு இருந்தார். பெரியவர் அதைக் காதுலயே போட்டுக்கலை. ஹேண்ட்செட்டை எடுத்து எடை பார்த்தார், கண்ணாடியை நெத்திக்கு ஏத்திட்டு பட்டனை ஒவ்வொண்ணா அமுக்கினார், தோள்ல இடுக்கிப் பார்த்தார், நழுவிச்சு. "ராத்திரி தலைமாட்டுல இதை எங்க வெச்சேன்னு தெரியலைன்னா?"ன்னு கேட்டார். பேஸ்ல இருக்கிற பட்டனை அமுக்கினா ஹேண்ட்செட் கத்தும்னு காட்டினேன். "அதுல சார்ஜ் இல்லைன்னா?"ன்னார். அப்பக் கத்தாதுன்னு ஒத்துக்கிட்டேன். இப்படிக் கேள்வி கேக்கிற ஆளை எந்த ரிவ்யூ பக்கத்துலயும் நான் பார்த்ததில்லை.

கடைசியில அவர் கேட்டது பெரிய பட்டன் வெச்ச ஒயர் போன். பையன் முகம் சுண்டிப் போச்சு. அவங்க வீட்டுல இன்னும் காப்பர் லைன்தான், அதனால ரெண்டையும் ஒரே லைன்ல மாட்டிக்கலாம்னு சொல்லிக் கொடுத்தேன். கூடத்துல ஒயர் போன், கட்டிலுக்குப் பக்கத்துல கார்ட்லெஸ். கார்ட்லெஸ் பையன் சாய்ஸ், அவர் குறிச்சு வெச்ச அதே மாடல். அதுக்கு ரிவ்யூ எழுதுறதா இருந்தா பெரியவர் சொல்லச் சொல்ல எழுதுங்க தம்பின்னு பில்லைக் கிழிச்சுக் கொடுத்தேன். சிரிச்சுட்டே போனார். எழுதினாரான்னு இன்னும் பார்க்கலை.