காற்றடிக்கிற இடத்தில் கேஸ் நிற்காது

அந்தப் படத்தை இந்நேரம் எல்லோரும் பார்த்திருப்பீர்கள். நம் வெல்டர்கள் குழுவில் ஒரு தம்பி போட்டது, அதோடு நிற்காமல் வாட்ஸ்அப்பிலும் சுற்றிக்கொண்டிருக்கிறது. ஷெட் மேலே, கூரைத் தகட்டைத் தாங்குகிற குறுக்குச் சட்டமான பர்லினில் ஒரு ஜாயின்ட், சுற்றிலும் பொறி தெறித்து, ஓட்டை ஓட்டையாக ஒரு வெல்டிங். "காக்கா எச்சம் போட்ட மாதிரி இருக்கு. கேஸ் இல்லாததை எல்லாம் மெஷின்னு நம்பி வாங்குனா இதுதான் கதி" என்று அதற்கு மேலே இன்னொருவர் சேர்த்த ஒரு வரி. அந்த வரியை எழுதியவர் தொழிலில் பெரியவர். பட்டறை வைத்துப் பல பையன்களுக்கு வேலை கற்றுக் கொடுத்தவர். அவர் மேல் எனக்கு மரியாதை உண்டு, இப்போதும் உண்டு. அதனால்தான் உடனே பதில் போடாமல் இருந்தேன்.

ஆனால் கீழே வந்த சிரிப்புகளைப் படித்த பிறகு பேசாமல் இருக்க முடியவில்லை. படத்தைப் போட்ட தம்பி பெருமைக்காகப் போடவில்லை. "ஏன் இப்படி வருது, யாராவது சொல்லுங்கண்ணா" என்று கேட்டுத்தான் போட்டிருந்தான். அத்தனை அனுபவசாலிகள் இருக்கிற குழுவில் ஒருத்தர்கூடக் காரணத்தைச் சொல்லவில்லை.

நான் சொல்ல வருவது ஒன்றுதான். மிக் என்பது மெஷின் தள்ளுகிற வயரே மின்சாரத்தில் உருகி ஒட்டுகிற வெல்டிங். சிலிண்டர் கேஸ் போட்டு ஓட்டுகிற கேஸ் மிக் நல்லதா, கேஸ் இல்லாத மிக் நல்லதா என்று கேட்பதற்கு முன்னால் வேலை எங்கே நடக்கிறது என்று கேளுங்கள். கூரைக்குக் கீழேயா, கூரைக்கு மேலேயா? அடுத்து, தகடு எவ்வளவு கனம்? இந்த இரண்டையும் கேட்காமல் எது நல்லது என்று தீர்ப்புச் சொல்கிறவர், எத்தனை வருடம் டார்ச் பிடித்திருந்தாலும், பாதிதான் சொல்கிறார்.

முதலில் அந்தப் படத்துக்கு வருகிறேன். தம்பி இரண்டாவதாக மெஷின் படமும் போட்டிருந்தான். அதை யாரும் பார்க்கவில்லை போல. டார்ச், அதாவது வயர் வெளியே வருகிற கைப்பிடி, பிளஸ்ஸில் இருக்கிறது. எர்த், அதாவது இரும்பில் கவ்வ வைக்கிற கேபிள், மைனஸில் இருக்கிறது. கேஸ் போட்டு சாதா வயர் ஓட்டுவதற்கு அதுதான் சரி. நடுவில் பவுடர் அடைத்த, கேஸ் இல்லாத பிளக்ஸ் வயருக்குப் பெரும்பாலும் அது தலைகீழ். டார்ச் மைனஸுக்குப் போக வேண்டும், எர்த் பிளஸ்ஸுக்கு வர வேண்டும். இரண்டுக்கும் பொதுவான மெஷின்கள் பெரும்பாலும் கேஸுக்கு ஏற்ற மாதிரி இணைத்துத்தான் பெட்டியில் வருகின்றன. மாற்றாமல் ஓட்டினால் பொறி கண்டபடி தெறிக்கும், வயர் நுனியில் எரிகிற ஆர்க் நிலையாக நிற்காது, ஓட்டை விழும். அந்தப் படத்தில் இருப்பது அத்தனையும் அதுதான். இரண்டு கேபிளை மாற்றிப் போட ஒரு ஸ்பேனரும் கொஞ்ச நேரமும் போதும். இதைச் சொல்லியிருந்தால் அன்றைக்கு மாலையே அவன் வேலை சரியாகியிருக்கும். நாம் சொல்லவில்லை. சிரித்தோம்.

சரி, "போலாரிட்டியை, அதாவது பிளஸ் மைனஸை, மாற்றினாலும் கேஸ் வெல்டிங் மாதிரி வருமா?" என்று கேட்பீர்கள். வராது. அதை நான் மறைக்கவே இல்லை. பட்டறைக்குள்ளே டேபிளில் வைத்து 1.6 எம்.எம். ஸ்கொயர் டியூபில் கேட் அடிக்கிறேன் என்றால் நானும் சிலிண்டரைத்தான் திறப்பேன். ஆர்கானும் சி.ஓ.டூவும் கலந்த கேஸ், 0.8 எம்.எம். வயர், கையில் நிதானம் இருந்தால் கிரைண்டரே எடுக்காமல் பெயின்டுக்கு அனுப்பலாம். வெறும் சி.ஓ.டூ என்றால் பொறி கொஞ்சம் கூடும், ஆனால் இரும்புக்குள் நன்றாக இறங்கும், விலையும் குறைவு. மெல்லிய தகட்டில் கேஸ் இல்லாத வயரை ஓட்டுவது கஷ்டம், சட்டென்று தகடே உருகி ஓட்டையாகிவிடும். மேலே கசடு வேறு படியும், ஒவ்வொரு ரன்னுக்கும், அதாவது ஒரு தடவை ஓட்டுகிற வெல்டிங் வரிக்கும், தட்டி பிரஷ் போட வேண்டும். புகையும் அதிகம். மூடிய அறைக்குள் அந்த வயரை ஓட்டாதீர்கள் என்று நானே பையன்களைத் திட்டியிருக்கிறேன்.

இதெல்லாம் கூரைக்குக் கீழே. மேலே போனால் கதை வேறு.

பல்லடம், பொங்கலூர், உடுமலை பக்கம் வேலை செய்தவர்களுக்கு நான் சொல்வது புரியும். வைகாசி கடைசியில் பாலக்காட்டுக் கணவாய் வழியாக ஆரம்பிக்கிற காற்று புரட்டாசி வரைக்கும் விடாது. அந்தக் காற்றை நம்பித்தான் அங்கே காடு காடாகக் காற்றாலை நட்டிருக்கிறார்கள். கோழிப் பண்ணை, தறிக் குடோன் என்று ஷெட் வேலை அதிகம் நடப்பதும் அந்தப் பக்கம்தான். கேஸ் மிக் வெல்டிங் எப்படி வேலை செய்கிறது? டார்ச் வாயிலிருந்து மெதுவாக வருகிற கேஸ்தான் உருகின இரும்பைச் சுற்றி நின்று வெளிக்காற்றைத் தள்ளி வைக்கிறது. நிமிடத்துக்கு 10 முதல் 15 லிட்டர். வெளியே காற்று அடித்தால் அது அங்கே நிற்குமா? அமெரிக்க ஸ்ட்ரக்சுரல் வெல்டிங் கோடு டி1.1 என்ற விதிப்புத்தகம் இதை எழுத்திலேயே வைத்திருக்கிறது: காற்று மணிக்கு 8 கிலோமீட்டருக்கு மேல் போனால் மறைப்பு இல்லாமல் கேஸ் போட்டு வெல்டிங் செய்யக் கூடாது. மணிக்கு 8 கிலோமீட்டர் என்பது முகத்தில் தென்றல் படுகிற அளவுதான். பட்டறையில் ஸ்டேண்ட் பேனைத் திருப்பி வைத்தாலே அதற்கு மேல் வரும். ஆடி மாதம், கூரையைத் தாங்குகிற இரும்புச் சட்டமான டிரஸ் மேலே என்ன வேகம் இருக்கும் என்று ஏறிப் பார்த்தவனுக்குத்தான் தெரியும்.

"கேஸைக் கூட்டி வை" என்று ஒருவர் கமென்டில் யோசனை சொல்லியிருக்கிறார். ஐயா, ஓரளவுக்கு மேல் கூட்டினால் கேஸே சுழற்சி எடுத்து வெளிக்காற்றை உள்ளே இழுத்துக்கொள்ளும். சிலிண்டர்தான் சீக்கிரம் காலியாகும், ஓட்டை குறையாது.

ஒரு ஆடி மாதம் உடுமலை பக்கம் ஒரு குடோன் வேலை எடுத்திருந்தேன். மெயின் கான்ட்ராக்டர் கேஸ் வெல்டிங்தான் வேண்டும் என்று ஒரே பிடிவாதம். நான் எவ்வளவோ சொன்னேன். "கேஸ் இல்லாமல் செய்வது லோக்கல் வேலை" என்றார். சிலிண்டரைக் கீழே கட்டி, மெஷினைக் கயிறு போட்டு மேலே ஏற்றி, படுதாவை டிரஸ்ஸில் கட்டி மறைத்து வேலை செய்தோம். படுதா பாய்மரமாகப் புடைத்து ஆளையே தள்ளப் பார்த்தது. ஜாயின்ட் அடிப்போம், கசங்கின ஸ்பாஞ்சாக ஓட்டை விழும், கிரைண்டர் போட்டு வெட்டி எடுப்போம், திரும்ப அடிப்போம். பையன்கள் சேப்டி பெல்ட்டில் தொங்கிக்கொண்டு ஒரே ஜாயின்டைத் திரும்பத் திரும்ப அடித்தார்கள். வேலை தள்ளிப் போனது. கடைசியில் பில்லில் பணத்தைப் பிடித்தார்கள், காரணம் "வெல்டிங் தரமில்லை". யார் சொன்ன முறையில் செய்ததால் தரம் போனது என்று கேட்க ஆளில்லை. இன்றைக்கு நினைத்தாலும் வயிறு எரிகிறது.

அதே ஊர், அதே காற்று, அடுத்த ஷெட்டில் கேஸ் இல்லாத வயரைத்தான் ஓட்டினேன். அந்த வயர் உள்ளே குழாய் மாதிரி, நடுவில் பவுடர் இருக்கும். அது எரிந்து தானே கேஸைக் கொடுக்கும், மேலே கசடாகப் படிந்தும் காக்கும், உள்ளே போகிற காற்றைப் பிடித்துக்கொள்ள அலுமினியம் மாதிரிப் பொருட்களும் அதிலேயே இருக்கும். அமெரிக்காவின் லிங்கன் எலக்ட்ரிக் கம்பெனி 1958-இல் இந்த மாதிரி வயரைச் சந்தைக்குக் கொண்டுவந்தது. வெளியிடத்து வேலைக்கு நன்றாகப் பொருந்துகிற முறை இது. நேற்று ஆன்லைனில் முளைத்த பொம்மை இல்லை.

"அப்படியானால் மருந்து பூசிய வெல்டிங் குச்சியான ராடு போட்டே அடிக்கலாமே, காற்றுக்கு ராடுதானே ராஜா?" என்று கேட்கிறார்கள். அடியுங்கள். யார் வேண்டாம் என்றது? என் வண்டியில் இன்றும் ராடு பெட்டி இருக்கிறது. ஆனால் நாள் முழுக்க உயரத்தில் நின்று நிமிடத்துக்கு ஒரு ராடு மாற்றுகிறவனிடம் வயர் மெஷினைக் கொடுத்துப் பாருங்கள், அவனே சொல்லுவான்.

இன்ஜினியரிங் படித்த ஒரு நண்பர் கேஸ் இல்லாத வயருக்கு எதிராக 1994 நார்த்ரிட்ஜ் பூகம்பத்தை இழுத்திருக்கிறார். நல்ல கேள்வி, மதிக்கிறேன். லாஸ் ஏஞ்சலஸ் பக்கம் அந்தப் பூகம்பத்தில் இரும்புச் சட்டக் கட்டிடங்களில் பீமும் தூணும் சேருகிற வெல்டிங்குகள் விரிசல் விட்டது உண்மை. அங்கே அதிகம் ஓடியது ஈ70டி-4 என்ற கேஸ் இல்லாத வயர் என்பதும், அந்த வெல்டிங்கில் அடி தாங்கும் வலு குறைவு என்று கண்டுபிடித்ததும் உண்மை. ஆனால் அதற்குப் பிறகு என்ன நடந்தது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டாமா? கேஸ் இல்லாத முறையையே தூக்கிப் போடவில்லை. முக்கிய ஜாயின்டுகளுக்கு இவ்வளவு அடி தாங்க வேண்டும் என்று அளவு வைத்தார்கள், ஈ71டி-8 மாதிரி அதைத் தாங்குகிற கேஸ் இல்லாத வயர்களையே பயன்படுத்தினார்கள். ஜாயின்ட் அமைப்பையும் மாற்றினார்கள். வயரின் நம்பரைப் பார்த்து வாங்கு என்பதுதான் அதில் இருக்கிற பாடம்.

நம்மூரில் நடக்கிற தப்பும் அங்கேதான். கடையில் விலை குறைவாகக் கிடைப்பது பெரும்பாலும் ஈ71டி-ஜிஎஸ். அது ஒரே ரன்னுக்கு மட்டும் உள்ள வயர். அதன் மேல் இன்னொரு ரன் போட்டு 10 எம்.எம். பிளேட்டை நிரப்பக் கூடாது. கனமான வேலைக்கு ஈ71டி-11 கேளுங்கள், அதிலும் எத்தனை எம்.எம். வரைக்கும் என்று கம்பெனி போட்டிருப்பதைப் பாருங்கள். ஈ71டி-1 என்று இருந்தால் அது பிளக்ஸ் வயர்தான், ஆனால் அதற்கு வெளியிலிருந்து கேஸும் வேண்டும். அதைக் கேஸ் இல்லாமல் ஓட்டிவிட்டு மெஷினைத் திட்டுகிறவர்களும் இருக்கிறார்கள். அப்புறம், வயரைத் தள்ளுகிற ரோலரை இறுக்கித் திருகாதீர்கள், குழாய் வயர் நசுங்கும், அதற்கென்று பல் வைத்த ரோலர் இருக்கிறது. ஐப்பசி மழையில் வயர் சுற்றிய ஸ்பூலைத் திறந்து போடாதீர்கள், ஈரம் ஏறினால் வெல்டிங்கில் புழு ஊர்ந்த தடம் விழும்.

கேஸ் இல்லாத வயர் கிலோ விலை கூட என்கிறார்கள். கூடத்தான். கசடாகப் போகிறதும் உண்டு. சிலிண்டர் டெபாசிட், அதைத் தூக்கிப் போக வண்டி, காலியானால் ஊரிலிருந்து திரும்ப நிரப்பி வருகிற வரைக்கும் நிற்கிற ஆட்களின் கூலி, இதையும் அந்தக் கணக்கிலேயே எழுதுங்கள்.

எனக்கு உண்மையில் வலிக்கிறது இந்தக் கணக்கு இல்லை. பட்டறை வைத்திருக்கிறவன் மேஸ்திரி, சைட்டில் ஏறுகிறவன் கூலி என்று நம் தொழிலுக்குள்ளேயே ஒரு பார்வை இருக்கிறது. நிழலில், டேபிள் மேல், பொருளைத் திருப்பித் திருப்பி வைத்துக்கொண்டு அடிக்கிற வெல்டிங்கைப் படம் எடுத்துப் போடுகிறோம். தலைக்கு மேலே அண்ணாந்து, ஒரு கையால் பைப்பைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் தூசியோடு அடிக்கிறவனின் ஜாயின்டை அதன் பக்கத்தில் வைத்துச் சிரிக்கிறோம். இரண்டும் ஒரே வேலையா? அந்தத் தம்பியின் அப்பாவும் சைட் ஆள்தான். அவன் மெஷினைத் தவணைக்கு வாங்கியிருக்கிறான். படத்தைப் போட்ட அன்றிலிருந்து குழுவில் ஒரு வார்த்தை எழுதவில்லை.

அவனுக்கு மெஷினை விற்ற கடையில் கேபிளை மாற்ற வேண்டும் என்று யாரும் சொல்லவில்லையாம். பெட்டிக்குள் இருந்த புத்தகம் இங்கிலீஷிலும் சைனீஸிலும். பத்தாவது வரைக்கும் படித்து ராடு பிடித்தே தொழில் கற்ற பையன் அதில் எந்தப் பக்கத்தைப் படிப்பான்? மெஷினை விற்கத் தெரிகிற ஊரில், எது பிளஸ், எது மைனஸ், எந்த வயருக்கு எப்படி, எந்த இடத்தில் ஓட்டலாம் என்று தமிழில் ஒரே ஒரு பக்கம் ஒட்டிக் கொடுக்க முடியாதா? இதைப் படிக்கிற கடைக்காரர்கள் யாராவது முன்வந்தால் அந்தப் பக்கத்தை நானே எழுதித் தருகிறேன், படமும் வரைந்து தருகிறேன். பணம் எதுவும் வேண்டாம். அச்சடித்து ஒவ்வொரு பெட்டியிலும் போடுகிற செலவு மட்டும் உங்களுடையது.