4294967297-ஐ ஒவ்வொரு கணக்கு வகுப்பிலும் சொல்லுங்கள்

ஒரு சூத்திரத்தைக் கொடுத்து "இது எப்போதும் சரியா?" என்று கேட்டால், பிள்ளைகள் மூன்று நான்கு எண்களைப் போட்டுப் பார்த்துவிட்டு "சரிதான் சார்" என்கிறார்கள். நாமும் தலையாட்டிவிட்டு அடுத்த பாடத்துக்குப் போய்விடுகிறோம். இந்தப் பழக்கத்தை உடைக்க 429 கோடியே 49 லட்சத்து 67 ஆயிரத்து 297 என்ற ஒரே எண் போதும் என்று உறுதியாக நம்புகிறேன்.

பிரான்ஸின் துலூஸ் நகரில் நீதிமன்றப் பணியில் இருந்த கணித மேதை ஃபெர்மா, 1640 வாக்கில் ஒரு வரிசையைக் கவனித்தார். 2-இன் அடுக்காக 1, 2, 4, 8, 16 என்று போட்டு, வருவதோடு ஒன்றைக் கூட்டினால் 3, 5, 17, 257, 65537. ஐந்துமே பகா எண்கள். இப்படியே போனால் எல்லாம் பகா எண்கள்தான் என்று நம்பினார். அடுத்த அடுக்கு 32. அங்கே வருவதுதான் நம்முடைய எண்.

1729-இல் கோல்ட்பாக் என்ற கணித அறிஞர் இதைப் பற்றி இன்னொரு கணித மேதையான ஆய்லருக்குக் கடிதம் எழுதிக் கேட்டார். 1732-இல் ஆய்லர் விடை சொல்லிவிட்டார்: 641 × 6700417. ஃபெர்மாவின் நம்பிக்கை ஆறாவது எண்ணிலேயே விழுந்தது.

இவ்வளவு பெரிய எண் பகா எண்ணா என்று கண்ணை மூடிக்கொண்டு வகுத்துப் பார்க்கப் போனால், 65536 வரைக்கும் உள்ள 6542 பகா எண்களையும் சோதிக்க வேண்டி வரலாம். ஆனால் இந்த எண்ணின் பகாக் காரணி எதுவானாலும், அதை 64-ஆல் வகுத்தால் மீதி 1 வந்தே தீரும். இதை ஆய்லரே பிற்பாடு நிறுவினார். அப்புறம் வேலை எவ்வளவு சுருங்குகிறது பாருங்கள். அப்படிப்பட்ட பகா எண்கள் 193, 257, 449, 577, 641. முதல் நான்கால் வகுத்தால் மீதி 109, 2, 325, 288. ஐந்தாவதில் மீதி பூஜ்யம்!

வகுக்காமலே காட்டவும் வழி உண்டு. 641 என்பது 5 × 128 + 1. அதாவது 5 × 128 என்பது 641-க்கு ஒன்று குறைவு; அதை 641-ஆல் வகுக்கும்போது மீதியை −1 என்று வைத்துக்கொள்ளலாம். நான்காம் அடுக்குக்கு உயர்த்தினால் மீதி 1. ஆக, 625 × (2-இன் 28-ஆம் அடுக்கு) என்பதன் மீதி 1. இன்னொரு பக்கம் 641 = 625 + 16. எனவே 625 இருக்கும் இடத்தில் −16 போடலாம். 16 × (2-இன் 28-ஆம் அடுக்கு) என்பது 2-இன் 32-ஆம் அடுக்கேதான். அதன் மீதி −1 என்றாகிறது. ஒன்றைக் கூட்டு, பூஜ்யம். முடிந்தது. இதை முதன்முதலில் பார்த்த அன்று எனக்குத் தூக்கம் வரவில்லை.

எனக்கு ஆற்றாமையாக இருப்பது ஃபெர்மாவை நினைத்துத்தான். 2-இன் 37-ஆம் அடுக்கில் ஒன்று குறைந்த எண்ணை 223 வகுக்கும் என்று, சோதிக்க வேண்டிய காரணிகளைச் சுருக்கும் இதே போன்ற யுக்தியால் அதே 1640-இல் கண்டுபிடித்தவர் அவர். கருவி கையில் இருந்தது. ஐந்து முறை சரியாக வந்தது அவரையே நம்ப வைத்துவிட்டது. அப்படியிருக்க, பதினைந்து வயதுப் பிள்ளையிடம் "நிரூபணம் எதற்கு என்று உனக்கே தெரிய வேண்டாமா" என்று கோபித்துக்கொள்வது நியாயமே இல்லை. அதற்கான காரணத்தை நாம்தான் காட்ட வேண்டும்.

65537-க்குப் பிறகு இந்த வரிசையில் இன்னொரு பகா எண் இதுவரை கிடைக்கவில்லை. 2-இன் அடுக்கு 1048576 ஆக வரும் எண், பகு எண் என்று நிரூபணமாகிவிட்டது. ஆனால் அதன் ஒரு காரணிகூட இன்னும் யாருக்கும் சிக்கவில்லை. இதையும் சேர்த்தே வகுப்பில் சொல்லுங்கள். கடைசி பெஞ்சில் இருந்தும் கேள்வி வரும்.